நீளக் கயிறு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. சளி விட்டதா? அந்த அறையில் ஜன்னல் இருக்கிறதா, இல்லை சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்களா?

நீ போன மறுநாளிலிருந்து உன் இடத்தில் உன் அத்தான் நிற்கிறார். மரத்தில் நான் ரம்பம் கேட்டால் தண்ணீர் வருகிறது. தண்ணீர் கேட்டால், “களைப்பா இருக்கா, இறங்கிடறியா?” என்கிறார். வெட்டிய கிளையைக் கயிற்றில் இறக்கும்போது அது அவர் தலைக்கு நேராக வருகிறதா என்று நான் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே நிற்பவர் மேலே இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் வழக்கம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், மனிதர் எதற்கும் அவசரப்படுவதில்லை.

ஆறு வருஷம் நீ கீழே நின்றாய். நான் வாயைத் திறக்கும் முன்பே ரம்பம் மேலே வந்துவிடும். உன் கிடங்கு மேலாளருக்கு நான் கொடுத்த கடிதத்தில் அதைத்தான் எழுதினேன். இவனிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று. பொய்யாக்கிவிடாதே.

நீதிமன்ற வளாகத்துப் பெரிய மரத்துக்கு அனுமதி வரும் போலிருக்கிறது. எண்பது அடி. அதற்குத்தான் நீளக் கயிற்றை வைத்திருக்கிறேன். எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது, இன்னும் ஒரு முழம்கூடப் பிரிக்கவில்லை. நீ சுற்றி வைத்தபடியே பையில் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். சளி விட்டது, ஜன்னலும் இருக்கிறது. திறந்தால் எதிரே சுவர்.

வேலை பரவாயில்லை. கிடங்கு முழுக்க வண்டி பேட்டரிகள். வந்ததை அடுக்க வேண்டும், பழையதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இங்கே யாரும் என்னைப் பார்த்து மேலேயிருந்து கத்துவதில்லை, அதுவே புதுசாக இருக்கிறது.

என் அறையில் கூட இருப்பவர் போன வாரம் புதுச் சட்டை போட்டு வந்தார். பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கும்போது ஆசிட் கொஞ்சம் தெறித்தது. துடைத்தார், கறைகூடத் தெரியவில்லை. நேற்றுத் துவைத்து உதறியபோது நெஞ்சுப் பக்கம் சல்லடையாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா, நீளக் கயிற்றைப் பிரித்துவிட்டாயா? பெரிய மரம் எப்போது என்று நிச்சயமானால் முன்கூட்டியே எழுது. மறந்துவிடாதே.

உன் தம்பி

ஜூன் 22 (அனுப்பாதது)

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் அந்தப் பள்ளிக்கூட வேலை நடந்ததே, நான் கயிற்றைச் சீக்கிரம் விட்டுக் கிளை சுவரில் விழுந்து, வாத்தியார்கள் முன்னால் நீ என்னைத் திட்டித் தீர்த்தாயே, அதே நாள். திரும்பும்போது வண்டியில் உபரி பேட்டரியைக் கட்டாமல் வைத்திருந்தேன். திருப்பத்தில் சாய்ந்து நீளக் கயிற்றுப் பையில் கொட்டிவிட்டது. அடியில் நாலைந்து சுருள் நனைந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், காயவைத்தேன், பழையபடி சுற்றி உள்ளே வைத்தேன். பார்த்தால் புதுக் கயிறுதான்.

பேட்டரியைக் கயிற்றுப் பக்கம் வைக்காதே என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். ஒரே நாளில் இரண்டு திட்டு வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகாது என்றுதான் நம்பினேன். அந்தச் சட்டையைப் பார்க்கும் வரை நம்பினேன்.

நைலானையும் ஆசிட் அப்படித்தான் தின்னுமா என்று மேலாளரிடம் கேட்டேன். “துணியாவது ஓட்டையைக் காட்டும், நைலான் காட்டாது” என்றார்.

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம், உன் நலம் எழுது. எனக்கு இடது தோள் கொஞ்சம் பிடித்திருந்தது, இப்போது சரி.

அனுமதி வந்துவிட்டது. உச்சிக்குக் கீழே, கிளை பிரியும் பெரிய கவையில் ஒரு வெடிப்பு. நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துவது சரியாக அதன் கீழே. அடிமரத்தை மரச்சுத்தியலால் சுற்றித் தட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் கணீர் என்கிறது, தெற்கில் ஒரு சாண் மட்டும் காலி டப்பா மாதிரி. மரத்தை எடுக்க வேண்டியதில்லை, பாரத்தைக் குறைத்தால் போதும். அதிகாரிக்கு மொத்தமாக வெட்டித் தள்ள ஆசை. அரை மணி நேரம் பேசி மரத்தைக் காப்பாற்றினேன். மேலே ஒரு கூட்டில் குஞ்சுகள் இருக்கின்றன. அவை பறந்ததும் வேலை. செப்டம்பர் முதல் வாரம் என்று வைத்திருக்கிறோம்.

கயிற்றைப் பிரிக்கவில்லை. ஏன் கேட்டாய்? புதுக் கயிற்றில் முதலில் கை வைக்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்று ஆசையா? லீவு கிடைத்தால் வா.

உன் அறைத் தோழரின் சட்டைக் கதையைப் படித்துவிட்டு அத்தான் இன்னும் சிரிக்கிறார்.

உன் அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தோள் எப்படி இருக்கிறது?

முக்கியமான ஒரு விஷயம். இங்கே ஒரு பத்திரிகையில் படித்தேன். நாம் வாங்கிய அதே கம்பெனிக் கயிற்றில் ஒரு தொகுதி முழுக்கத் தயாரிப்பிலேயே கோளாறாம். பார்த்தால் தெரியாதாம். இரண்டு மூன்று இடங்களில் அறுந்துவிட்டதாம். அதனால் நீளக் கயிற்றை எடுக்காதே. வேறு யாரிடமாவது இரவல் கேள், இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடு. கயிற்றை யாருக்கும் கொடுத்தும் விடாதே. எரித்துவிட்டால் இன்னும் நல்லது.

பத்திரிகையை எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

உடனே பதில் போடு.

உன் தம்பி

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உடம்பைச் சொல்கிறேன், மூளையைப் பற்றித்தான் சந்தேகம்.

உன் கடிதத்தைப் பார்த்த அன்றே கயிறு விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வர மூன்று வாரம். அப்படி ஒரு கோளாறே இல்லை என்கிறார். எந்தப் பத்திரிகை என்று கேட்டிருக்கிறார். நான் என்ன பதில் சொல்ல? வியாபாரம் செய்கிற மனிதர் பெயரைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அதோடு விடவில்லை. வீட்டுக் கொல்லை மரத்தில் கயிற்றின் முனையைக் கட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நானும் அத்தானும் சேர்ந்தே தொங்கினோம். அவர் எடை உனக்குத் தெரியும். கயிறு முனகக்கூட இல்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? நீ இல்லாமல் நான் பெரிய மரம் ஏறுவது உனக்குப் பொறுக்கவில்லை. விட்டுப் போன வேலையில் அங்கிருந்து மூக்கை நுழைக்காதே. போகச் சொன்னது நான் இல்லை.

குஞ்சுகள் பறந்துவிட்டன. போன காற்றில் வெடிப்பு ஒரு விரல் அகலம் கூடிவிட்டது, காத்திருக்க முடியாது. வருகிற 27ஆம் தேதியே ஏறுகிறேன். வேலை முடிந்ததும் கோபம் தணிந்திருந்தால் எழுதுகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 27, தந்தி

நீளக் கயிற்றில் ஆசிட் பட்டிருக்கிறது. கொட்டியது நான். ஏறாதே. தம்பி.

ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

தந்தி ஆபீஸ் வாசலிலேயே நின்று எழுதுகிறேன். உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்குத்தான் கைக்கு வந்தது. நேராக இங்கே ஓடி வந்தேன். ஜூனில் எழுதி அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதுதான் உண்மை. பத்திரிகை எதுவும் இல்லை. நீ தொங்கிப் பார்த்தது மேல் முனை, நனைந்தது அடிச் சுருள்.

நலமாக இருக்கிறாயா? ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

தம்பி

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஒன்பது நாளாகிவிட்டது. பதில் இல்லை. தபால்காரர் இந்தத் தெருவில் நுழைந்தால் நான் வாசலில் நிற்கிறேன். அவரே இப்போது, “இன்னிக்கும் இல்லப்பா” என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். லீவு கேட்டேன், மாதக் கடைசி வரை கிடையாது என்றார்கள். கிடைக்காவிட்டாலும் இந்த வாரம் பார்த்துவிட்டு வேலையை விட்டு வந்துவிடுவேன். யாராவது எழுதுங்கள்.

தம்பி

செப்டம்பர் 6

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா நலம். முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்து நீ பயந்திருப்பாய். நான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

அவளே எழுதுவாள் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். எனக்குச் சுருக்கமாக எழுத வராது.

நீதிமன்றத்துக்கு எதிரேதான் தபால் நிலையம். தந்திக்காரர் வீட்டுக்குப் போகாமல், எங்களைப் பார்த்துவிட்டு நேராகச் சாலையைக் கடந்து வந்து கையில் கொடுத்தார். அப்போது அவள் அறுபது அடிக்கு மேல் இருந்தாள். நீளக் கயிற்றில்தான். வெடித்த கிளையின் மேல் நடந்து போவதற்குத் தயாராக எழுந்து நின்றாள். நான் தந்தியை இரண்டு தடவை படித்தேன். கத்தினால் பதறுவாள், பதறினால் முதலில் கயிற்றைத்தான் பிடித்து இழுப்பாள். அதனால் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“நான் சொல்றதைக் கோபப்படாம கேளு. இடுப்பு வாரை மரத்தைச் சுத்திப் போடு. போட்டுட்டு, போட்டாச்சுன்னு சொல்லு.”

ரம்பம் எடுப்பதற்கு முன்னால்தான் அந்த இரண்டாவது கட்டுப் போடுவது வழக்கம். நடக்கும்போது போட மாட்டாள். “இந்தக் கிளைக்கு இன்னும் ரம்பமே கேக்கலையே, இப்ப எதுக்கு?” என்றாள்.

“போடு.”

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. போட்டாள். போட்டாச்சு என்றாள். அதன் பிறகுதான் காரணத்தைச் சொன்னேன். பிறகு சாமான் இழுக்கும் மெல்லிய நூலைக் கீழே விட்டாள், பழைய கயிற்றை அதில் கட்டி அனுப்பினேன். பழைய கயிறு குட்டை என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கவையிலும் நின்று, கட்டி, இறங்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, நாற்பது நிமிடம். கீழே வழக்குக்கு வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கால் தரையில் பட்டதும் அவளுக்கு நடக்க வரவில்லை. நான் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்தேன். இதை நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

இனி உனக்கு மட்டும். உன் கடிதம் வந்த மறுநாள் அடிச் சுருளை எடுத்து, அவள் எடைக்குச் சரியாக ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள். தாங்கியது. கால் மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கட்டையை ஒரு முழம் மேலே தூக்கிக் கைவிட்டேன். மேலே ஒரு கால் வழுக்கினால் கயிற்றில் விழும் இழுப்பு அவ்வளவுதான் இருக்கும். சத்தமே இல்லை, தம்பி. கட்டை தரையில் கிடந்தது. கயிறு ஈர நூல் மாதிரி பிரிந்திருந்தது.

தாங்கிவிட்டது என்றே அவளிடம் சொல்லி, கயிற்றை எரித்துவிட்டேன். அந்த மரத்தில் இன்னும் பாதி வேலை இருக்கிறது. உண்மை தெரிந்தால் ஏற மாட்டாள், இல்லை ஏறி நடுங்குவாள். இரண்டாவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் சொல்லாதே. உன் மேல் அவளுக்குக் கோபம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள். நீ செய்ததற்கு அது குறைவுதான்.

அத்தான்

செப்டம்பர் 12

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு வரி கேட்டாய், இதோ அந்த வரி. மீதியையும் படி.

ஏப்ரலில் கொட்டினாய், சொல்லவில்லை. ஜூனில் எழுதினாய், அனுப்பவில்லை. ஜூலையில் பத்திரிகை என்று கதை கட்டினாய். கடைசியில் நான் அறுபதடி மேலே நிற்கும்போது தந்தி. ஊரே வேடிக்கை பார்க்க, தவழும் குழந்தை மாதிரி கவைக்குக் கவை இறங்கினேன். பதினைந்து வருஷமாக மரம் ஏறுகிறவள். கீழே ஒருவன், “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை” என்றான், அது காதில் விழுந்தது. எல்லாம் எதற்கு? அந்தக் கயிறு தாங்கியது. என் கண்ணால் பார்த்தேன். கால் மணி நேரம் என் எடை அதில் தொங்கியது, ஒரு இழைகூட விலகவில்லை. அதையும் உன் அத்தான் வீணாக எரித்துவிட்டார். இரண்டு பயந்தாங்கொள்ளிகளுக்கு நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

கடன் சொல்லிப் புதுக் கயிறு வரவழைத்திருக்கிறேன். வரும் 26ஆம் தேதி மீதிக் கிளைக்கு ஏறுகிறேன். ஒரு விதத்தில் உனக்கு நன்றி. ஆசிட் பட்டால் கயிறு போய்விடும் என்று நூறு தடவை சொன்ன நான்தான் முட்டாள். இப்போது பேட்டரிக்கு என்று தனிப் பெட்டி வைப்பதில்லை. எடுத்துப் போட்டுவிட்டேன், வண்டியில் இடம் மிச்சம். கயிற்றுப் பையும் பேட்டரியும் ஒன்றாகவே போகின்றன.

இனிமேல் எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

செப்டம்பர் 18, விரைவுத் தபால்

அக்கா,

இதை மேலே படிக்காதே. முதலில் போய்ப் பேட்டரியை வண்டியிலிருந்து இறக்கு. கயிற்றுப் பையை வீட்டுக்குள் கொண்டு வா. முழுக் கயிற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, பையின் அடியில் கை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார். துளி ஈரம் இருந்தாலும் அந்தக் கயிறு வேண்டாம். அதன் பிறகு வந்து படி.

கயிறு அறுந்தது. நீ உள்ளே போன பிறகு, அத்தான் கட்டையை ஒரு முழம் தூக்கிக் கைவிட்டார். சத்தம் இல்லாமல் அறுந்தது. எனக்கு எழுதியிருக்கிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். சரி என்று ஒப்புக்கொண்டேன். சொன்னால் என் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடும், உனக்குப் பயம் கூடும். எனக்கு நியாயமே வேண்டாம், நீ கோபத்தோடு நிம்மதியாக ஏறு என்று இருந்தேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் முடியவில்லை.

அத்தானைத் திட்டாதே. நான் பயந்தது உன் வாய்க்கு. அவர் பயந்தது உன் உயிருக்கு.

26ஆம் தேதி ஏறாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏறினால் பயத்தோடு ஏறு அக்கா. நலமாக இரு.

தம்பி

செப்டம்பர் 25

தம்பிக்கு,

நலம். நீ சொன்னபடி பேட்டரியை இறக்கிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். பை காய்ந்திருந்தது. இருந்தாலும் கயிற்றை வீடு நீளத்துக்குப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு சாணாக இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். மதியம் முழுக்க ஆனது. அடிப் பாதியில் கட்டையைக் கட்டித் தூக்கியும் போட்டேன், ஏழு தடவை. எட்டாவது தடவை உன் அத்தான் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் உப்பு எங்கே என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. அந்தக் கிளையில் நான் நடந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உன் மேல் ஆத்திரம் வருகிறது, அடுத்த நிமிடம் உன் முகம் வருகிறது. இரண்டும் கொஞ்ச நாள் இருக்கும். நான் திட்டுவேன் என்று பயந்து நீ இனி ஒன்றை மறைத்தால் அதற்கு நானும் பாதிக் காரணம் என்று அத்தான் சொல்கிறார். பாதி இல்லை, கால்வாசி.

நாளைக் காலை ஏழு மணிக்கு மீதிக் கிளை. நீ சொன்னபடி பயத்தோடுதான் ஏறுகிறேன். உன் அத்தான் கீழே நிற்பார். நடக்கும்போதும் இடுப்பு வார் போட்டுக்கொள்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் கொடுக்கிறேன்.

இறங்கியதும் எழுதுகிறேன்.

உன் அக்கா